வெண்ணெய் உருகவில்லை, தம்பி

என் உயிர்த் தம்பி குமரேசா,

மேலே நல்லா இருக்கியா? சாமி பக்கத்திலேயே உனக்கு இடம் கிடைத்திருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. இங்கே செமிலிங்கில் எல்லாரும் சுகம். சந்தோஷமான சேதி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கணும். நாலு பேர் முன்னால் திட்டினேன் இல்லையா, அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை நினைவிருக்கா? நம் வீட்டு ஆஞ்சநேயருக்கு முதன்முதலாக வெண்ணெய்க் காப்பு சாத்தினேன். யான் ஊரிலிருந்து என் சம்பந்தி வீட்டார்கூட வந்திருந்தார்கள். பாட்டுப் பாடி முடிக்கவில்லை, தலைக்கு மேல் இருந்த மூன்று ஹலோஜன் விளக்குச் சூட்டில் முதலில் காது வழுக்கியது, அப்புறம் மூக்கு. தீபாராதனைக்கு நீ வழக்கம்போல் சுவிட்சுக் குமிழைத் திருப்பி வெளிச்சத்தைக் குறைத்தபோது பாதி வெண்ணெய் தட்டில் கிடந்தது.

“அக்கா, சாமி எண்ண தேச்சிக் குளிக்கிறாரு லா,” என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

“எல்லாம் ஒன்னாலதான்டா! வயர்மேன்னு பேரு, சாமிக்கு அடுப்பு வச்சிக் குடுத்திருக்க!”

“மாத்திக் குடுக்கிறேன்க்கா,” என்று மட்டும் சொன்னாய். மாற்றுவதற்குள் போய்விட்டாய். அப்புறம் அந்த விளக்கை நான் ஒருத்தரையும் தொட விடவில்லை. உன் கை மாட்டியது அல்லவா? வெண்ணெய்க் காப்பும் அதோடு நின்றது.

உன் மகள் தர்ஷினிதான் விடவில்லை. உன்னை மாதிரியே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“அத்தெ, எல்இடி போட்டா இந்தச் சூடு இருக்காது. வெண்ண சாத்தலாம்.”

“ஒங்கப்பா போட்ட லைட்டும்மா.”

“அப்பா போட்டாரு. கேட்டது யாரு? நகைக்கடை மாதிரி மின்னணும்னு நீங்கதானே நின்னீங்க? சூடாகும்னு அப்பா அப்பவே சொன்னாராமே.”

உண்மைதானே, தம்பி! அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அதை நீ ஏன் சொல்லவில்லை?

சாமர்த்தியமாக நானே போய் மூன்று மலிவு எல்இடி பல்பு வாங்கிவந்தேன். ஒரே வெள்ளை வெளிச்சம். ஆஞ்சநேயர் கிளினிக்கில் நம்பர் வாங்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தார். குமிழைத் திருப்பினால் வெளிச்சம் குறையவில்லை, மினுக்கு மினுக்கென்றது. “சாமி கண்ணடிக்கிறாரு, அத்தெ!” என்றாள். அப்பனுக்குத் தப்பாத வாய்.

வெளிச்சம் குறைக்க முடியும் என்று பெட்டியில் போட்டிருக்கிற பல்புதான் வேண்டுமாம். மஞ்சள் வெளிச்சத்தில் அவளே வாங்கி மாட்டினாள். பழைய சுவிட்சும் அதற்குச் சரிவராது என்று மாற்றினாள். ஆனால் உன் குமிழை மட்டும் கழற்றி, துடைத்து, புதுசின் மேல் பொருத்திவிட்டாள். நான் சொல்லவே இல்லை தெரியுமா?

இந்தப் புரட்டாசியில் மறுபடி வெண்ணெய் சாத்தினேன். பாட்டு முடிகிற வரைக்கும் என் கண் சாமி காதிலேயே இருந்தது. அசையவில்லை! தர்ஷினி குமிழைத் திருப்பினாள். நீ இறக்குகிற மாதிரியே வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கியது. கற்பூரச் சுடரில் என் ஆஞ்சநேயர் நிலாவாட்டம் இருந்தார்.

“இந்தத் தடவ சாமி குளிக்கலையா?” என்றார் யான் சம்பந்தியம்மா.

தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: “அந்தச் சூட்டு லைட்டக் கேட்டது நாந்தான். எந்தம்பி மேல தப்பே இல்ல.”

தர்ஷினி அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வேகத்தில் குமிழை முழுசாகத் திருப்பிவிட்டாள். வீடே நகைக்கடை மாதிரி பளீரென்றது. வெண்ணெய் மட்டும் உருகவில்லை, தம்பி. நான்தான் உருகிப்போனேன்.

இனி ஒவ்வொரு புரட்டாசியும் காப்பு உண்டு. விளக்கை இறக்குகிற வேலை உன் மகளுக்கு. யார் போட்ட விளக்கு என்று கேட்கிறவர்களிடம் முழுக்கதையையும் சொல்வேன், என் தப்போடு சேர்த்து. இது ஆஞ்சநேயர் மேல் சத்தியம்.

வாய் ஓயாத உன் அக்கா,
சரோஜா