திருஷ்டிப் படம் ஒட்டிய கூலர்

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்து கூலர் கதவை இழுத்ததும் மல்லிகை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். எனக்குப் பூவெல்லாம் போச்சே என்றுதான் தோன்றியது. குளிரில் இருக்கிற பூ இப்படி மணக்காது என்று சொன்னவர் நீங்கள்தானே. உள்ளே கை வைத்தேன், வெதுவெதுவென்று இருந்தது. உடனே உங்கள் நினைவு வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் தீராத என் பொறாமையும் கூடவே வந்தது.

ஈப்போவில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பூக்கடை இருந்தால் வேறெப்படி இருக்கும்? இருவருக்கும் கேமரன் மலையிலிருந்து ஒரே லாரியில்தான் செவ்வந்தி வரும். உங்கள் மாலை மூன்றாம் நாளும் சிரிக்கும், என்னுடையது மறுநாளே பழுப்பேறிவிடும். கோப்பெங்கிலிருந்து கல்யாண மாலைக்கு வருகிறவர்கள் என் வாசலில் நின்று, "எதுத்த கடை அக்கா இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தைப்பூசத்துக்கு முந்தின வாரம் என் கூலர் குளிராமல் போனது. உங்கள் கண் பட்டுவிட்டது என்றே நம்பினேன். வயிறெரிந்தது நான், பழி உங்களுக்கு. நாக்கைத் தொங்கவிட்ட பூத முகத்தோடு பெரிய திருஷ்டிப் படம் ஒன்று வாங்கி, உங்கள் கடையைப் பார்த்து நின்ற கூலரின் அடியில், கம்பித் தட்டியின் மேல் ஒட்டினேன். இருந்த குளிர்ச்சியும் போயிற்று. பழுது பார்க்க வந்தவன் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்றான். கோயில் மாலைகள் கைவிட்டுப் போனால் கடையை மூடுவதைத் தவிர எனக்கு வழியில்லை.

நான் வாடின பூவைக் கூடை கூடையாகக் கொட்டுவதைப் பார்த்துத்தான் தெருவைக் கடந்து வந்தீர்கள். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தீர்கள்.

"யாருக்குலா இந்தப் படம்? எனக்கா?"

நான் குனிந்து பிளக் வயரைச் சுருட்டினேன்.

"ஒன்னும் ரோசாக் ஆவல, கெட்டுப் போவல. காத்து போற வழியில கொண்டுபோயி ஒட்டி வெச்சிருக்க. மொதல்ல அதுக்கு மூச்சு விட எடம் குடு."

படத்தைக் கிழித்துத் தட்டியைக் கழற்றினால், உள்ளே சுருள் கம்பியே தெரியாத அளவுக்குத் தூசியும் வாழைநார்த் தூளும். பையிலிருந்து ஒரு பெயிண்ட் பிரஷை எடுத்து மேலிருந்து கீழாகக் கூட்டினீர்கள். உள்விசிறியை மறைத்து நான் திணித்திருந்த மாலைகளைத் தள்ளி வைத்தீர்கள். கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தீர்கள். அது வழுக்கிக்கொண்டு வந்த இடத்தில் ரப்பரைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தி இளக்கி, மறுபடி படிய வைத்தீர்கள். மதியத்துக்குள் கூலர் கையை விறைக்க வைத்தது. வாயால் நன்றி சொன்னேன். மனசுக்குள், இந்த மனுஷிக்கு இதுவும் தெரியுமா என்று எரிந்தேன்.

அதன் பிறகு அடிக்கடி பிரஷோடு வருவீர்கள். பேசிக்கொண்டே கூட்டுவீர்கள். உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் இதைச் செய்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடைசி மாலையை நான்தான் கட்டினேன். சாவு வீட்டு வாசலில், முனையிலிருக்கும் பிரியாணிக் கடை பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க கூலரயும் அக்காதான் பாப்பாங்க. மூச்சு விட எடம் குடுங்க பாய்னு சொல்வாங்க." பக்கத்தில் நின்ற தேங்காய்க் கடைக்காரரும் தலையாட்டினார். வந்த அழுகை எனக்கு அப்படியே நின்றுவிட்டது. எல்லாருக்கும் அதே வார்த்தையா, அக்கா? அதுவரை உங்கள் மேல் இருந்த பொறாமை அன்று அவர்கள் பக்கம் திரும்பியது.

இன்று காலையும் தூசிதான். கடைசியாக வந்தபோது என் கூலர் மேல் நீங்கள் மறந்துவிட்டுப் போன அதே பிரஷால் கூட்டி முடித்தேன். குளிர் ஏறிக்கொண்டிருந்தபோது பாய் வந்து நின்றார்.

"தங்கச்சி, எங்க கூலரு குளிரல. அக்கா ஒரு பிரஷ் வெச்சிருப்பாங்களே, ஒங்ககிட்ட இருந்தா குடுங்களேன்."

நான் பிரஷைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"அதெல்லாம் குடுக்க மாட்டேன் பாய். நானே வாரேன்."