இரண்டாவது பட்டன்

ஓசூர்,
4.3.2024

அன்புள்ள சரிதா அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாட்றாம்பாளையத்தில் உன் போனுக்கு டவர் கிடைக்காததும் நல்லதுதான். போனில் என்றால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

நேற்றும் சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் கம்பெனியில் மாதவனுக்கு பிரஸ்ஸில் மூன்று விரல் போனதே, அந்த மிஷின் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும். டார்கெட் முடியவேண்டும் என்று, ஒரு கையாலேயே ஓடும்படி ஒரு பட்டனில் ஆப்பு செருகியது நான். அவனே செருகினான் என்று ரிப்போர்ட் எழுதி, வேலையை விட்டும் அனுப்பிவிட்டார்கள். அதில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ஐயோ அக்கா, சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

தம்பி,
சௌந்தரராஜன்

நாட்றாம்பாளையம்,
11.3.2024

என் செல்லத் தம்பிக்கு,

லூசாடா நீ? முழங்காலிட்டு அழுதிருப்பாய் அல்லவா, அதோடு கர்த்தர் மன்னித்துவிட்டார். அவர் சுமந்து தீர்த்ததை நீ ஏன் திரும்பத் தோளில் ஏற்றுகிறாய்? சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார், நீ செய்தாய். அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆகப்போகிறவன், வாயைத் திறக்காதே. உனக்காக உபவாசம் இருக்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அக்கா,
சரிதா

ஓசூர்,
20.3.2024

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. மேனேஜரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ரிப்போர்ட்டை மாற்றுகிறார்களாம்.

பிறகு மாதவன் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். "எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீங்க? நான் குடிச்சிட்டுப் போய் கைய விட்டேன்னு தெனமும் அழுவுறாளே, அவகிட்ட சொல்லுங்க" என்றான். அவன் மனைவி ஸ்வாதியிடமும் சொன்னேன். "வெளிய போங்க" என்றாள். அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் என்கிறாய். ஆதியில் தோட்டத்தில் பழத்தைத் தின்றாயா என்று கர்த்தர் கேட்டபோதும் ஆளாளுக்கு அடுத்தவரைத்தானே கைகாட்டினார்கள்? அவர் என்னை மன்னிப்பார், நம்புகிறேன். அதற்காக என் தப்பை மாதவன் தலையில் வைத்துவிட்டு நான் போய் அப்பத்துக்குக் கை நீட்டவா? ஏப்ரல் ஏழாம் தேதி மறுபடி திருவிருந்து. எழுந்து போவேனா, தெரியவில்லை.

அப்பாவின் மூக்குக் கண்ணாடியை நான் மிதித்து உடைத்தபோது, உடைத்தது நீதான் என்று சொல்லி எனக்காக அடி வாங்கினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை என் அடி என் முதுகிலேயே விழட்டும் அக்கா.

உபவாசத்தை முடித்துக்கொண்டு சாப்பிடு.

உன் தம்பி,
சௌந்தரராஜன்