வலது பக்கத்து மீன் எண்ணெய் மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் விட்காம் இன்றும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் வந்தால் போதும், மனிதருக்கு முடி கலைந்துவிடுகிறது, சீப்பு கேட்கிறார். ஆய்வுக்கூட வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கும் அந்த மூளை யாருடையது என்று அவருக்கு ஞாபகம் இருக்குமா? என் தம்பி டாரலுடையது. திக்குவாய் உள்ளவர்களை ஸ்கேன் செய்ய ஆள் வேண்டும் என்றபோது முதலில் வந்து படுத்தவன் அவன்தான்.

பேச்சை ஓட்டுகிற நரம்பிழைக்கட்டு மற்ற எல்லோருக்கும் இடப்பக்கம் தடிப்பு, திக்குபவர்களுக்கு வலப்பக்கம் தடிப்பு. இதுதான் எங்கள் கண்டுபிடிப்பு. கட்டுரையில் என் பெயர் ஐந்தாவதாக இருக்கிறது. சரி, போகட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் டாரலோடு கிராவாய் தெரு உணவகம். டாரல் காபி கேட்டான்! அவனுக்கு ‘க’ வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே டீதான். டீயைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும், இருந்தாலும் டீ. இன்று “கா… கா… கா…” என்று முகம் சிவக்க இழுத்து, பரிமாறுகிற அம்மாள் முகத்தை நேராகப் பார்த்து, “காபி” என்று முடித்தான். “ஒண்ணுமில்லீங்க, என் வயரிங் அப்படி” என்று சிரிப்பு வேறு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மதியம் அப்பா வீடு. தோட்டத்தில் பன்றிக்கறி சுட்டுக்கொண்டிருந்தார். “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே? எல்லாம் பயம்தான்” என்று அவனை அடித்து வளர்த்த மனிதர். அவர் வீட்டுக் கூடத்தில் டாரல் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். இன்று அவன் பேசி முடிக்கும்வரை அப்பா இடுக்கியோடு காத்து நின்றார். இந்த ஜென்மத்தில் முதல்முறை.

மார்ச் 14, வெள்ளி

டாரல் பிறந்தநாளுக்குப் பெரிய படம் ஒன்று போட்டுக் கொடுக்கலாம் என்று அவனுடைய மூலப்படத்தைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன்.

ஸ்கேனுக்குள் அனுப்பும் முன் ஒவ்வொருவர் வலது நெற்றிப்பொட்டிலும் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டுவோம். படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். எது வலம் என்பதில் சந்தேகம் வராது. டாரலுக்கு நானே ஒட்டினேன். “பூ… பூனை துரத்தப்போகுது” என்றான்.

பொட்டு இடப்பக்கம் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

எல்லாப் படத்தையும் திறந்து பார்த்துவிட்டேன். பழைய மெஷினில் எடுத்த சாதாரண ஆட்களுக்குப் பொட்டு வலத்தில். புது மெஷினில் எடுத்த திக்குபவர்கள் அத்தனை பேருக்கும் இடப்பக்கம். புது மெஷின் படங்களைக் கணினி வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதும்போது கண்ணாடியில் பார்ப்பது போலப் புரட்டிவிட்டிருக்கிறது. அடுத்த படியிலேயே படத்திலிருந்து மண்டையோட்டை உரித்துவிடுகிறோம், அதோடு மாத்திரையும் போய்விடுகிறது. அப்புறம் யார் கண்ணுக்குத் தெரியும்?

திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அவர்களுக்கும் இடப்பக்கம்தான் தடிப்பு, எல்லோரையும் போல. அட கடவுளே, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறானே.

மார்ச் 17, திங்கள்

விட்காமிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். புரியாமல் இல்லை.

“ஜனீன், வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதம்மா.”

“சார், கட்டுரையே தப்பு.”

“ரெண்டு மாத்திரை எடம் மாறி ஒட்டியிருக்கும். உன் தம்பியே சந்தோஷமா இருக்கான்ல? அவன் வாயில மண்ணைப் போடணுமா?”

அந்த ஆளுக்கு டாரல் ஞாபகம் இருக்கத்தான் செய்கிறது. வேண்டிய நேரத்தில்.

மார்ச் 20

சொல்லாவிட்டால்தான் என்ன? யார் செத்துவிடப் போகிறார்கள்?

மார்ச் 27, வியாழன்

அதற்கும் பதில் வந்துவிட்டது. திக்குகிற குழந்தைகளுக்கு வலப்பக்க மூளையில் லேசான மின்சாரம் செலுத்திப் பார்க்கும் திட்டம். கையெழுத்து விட்காமுடையது. ஒன்பது வயது, பத்து வயதுக் குழந்தைகள். இல்லாத தடிப்பை அடக்குவதற்கு!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிறார். நான் சோறு போட மாட்டேன். கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன், வெள்ளைப் பொட்டுகளோடு.

ஏப்ரல் 6, ஞாயிறு

டாரலிடம் சொன்னேன். காரில், எதிரே பார்த்துக்கொண்டு. முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அ… அப்ப என் தலை நல்லாத்தான் இருக்கா?”

“இந்த இழைக்கட்டு நல்லாத்தான்டா இருக்கு. காரணம் வேற எங்கயோ இருக்கும். நாங்க இன்னும் கண்டுபிடிக்கல.”

“நல்லாயில்லாமலே இ… இருந்திருக்கலாம்.”

“உன்கிட்ட மறைச்சிருக்கணுமா?”

பதில் சொல்லவில்லை. திக்கி நின்றானா, சொல்ல விரும்பவில்லையா? கூடப் பிறந்தவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் மூளைக்குள் எது எதோடு சேர்கிறது என்று வரைந்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. குழந்தைகள் திட்டம் நின்றது. அது போதும்.

போதுமா? ‘தன் தவறைத் தானே அறிவித்த நேர்மையாளர்’ என்று விட்காமுக்குப் பல்கலைக்கழகம் பாராட்டுக் கூட்டம் நடத்தியது. அதே பத்திரிகைக்காரர்கள், அதே சீப்பு. என் வேலையை அடுத்த வருஷத்துக்கு நீட்டிக்கவில்லை. ‘குழுவோடு ஒத்துப்போவதில்லை’யாம். நாசமாய்ப் போக.

ஜூன் 15, ஞாயிறு, தந்தையர் தினம்

கூடத்தில் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. டாரல் கழற்றினானா, அப்பாவா, நான் கேட்கவில்லை.

சாப்பிடும்போது டாரல் ஏதோ ஆரம்பித்தான். “கி… கி…” அப்பா குறுக்கே, “கிண்ணமா? எடுத்துக்கோ. அப்ப நான் அன்னைக்குச் சொன்னதுதானே சரி, எல்லாம் பயம்தான்” என்றார். வெற்றிக் குரல்.

“வாயை மூடுங்கப்பா” என்று கத்திவிட்டேன். டாரல் என்னைத்தான் முறைத்தான். அவன் கேட்க வந்தது கிண்ணம் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரொம்ப நாளைக்கப்புறம் இன்றுதான் டாரல் என்னோடு வெளியே வந்தான். அதே உணவகம், அதே மேஜை. என் புது வேலையைப் பற்றிக் கேட்டான். பல் டாக்டர் ஒருவரிடம் எக்ஸ்ரே எடுக்கிறேன் என்றேன். “அ… அங்கயாவது வலது இடது ச… சரியா இருக்கா?” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். மன்னித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மாள் வந்து, “குடிக்க என்ன வேணும், கண்ணு?” என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தான்.

“டீ” என்றான். திக்கவே இல்லை.