துடைப்பக்குச்சிக் கரும்பு

மாசி 3, திங்கள்

காலையில பனி. பத்து மணிக்கே வெயில் மண்டைய பிளக்குது. தைக்க பிளவுஸ் ரெண்டு பாக்கி. மாவு புளிச்சிப் போச்சு, தோசைதான் ஊத்தணும்.

கயல் ஸ்கூல்லருந்து ஒரு சீட்டு கொண்டாந்தா. வெள்ளிக்கிழமை கைவினைக் கண்காட்சியாம். 'வீட்டில் உள்ள எளிய பொருள்களைக் கொண்டு குழந்தைகள் தாங்களே செய்தது.' பெத்தவங்க கட்டாயம் வரணுமாம். மூணாங்கிளாஸ் புள்ளைங்க தாங்களே செய்யுமாம். யாரு செய்யப் போறாங்கன்னு அந்த மிஸ்ஸுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் அனுப்புறாங்க.

சாயந்திரத்துலருந்து அம்மாங்க வாட்ஸப் குரூப்பு பத்திக்கினு எரியுது.

— தெர்மாகோல் எங்க கெடைக்கும் சிஸ்?
— ஐஸ் குச்சி கட்டா வேணும், அர்ஜன்ட்
— க்ளூ கன் யார்கிட்டயாவது இருக்கா?

வீட்டுல இருக்கற பொருளாம். எவ வூட்டுல க்ளூ கன் இருக்குது? ஐஸ் வாங்கித் தின்னாத்தான குச்சி வரும். இவளுங்க குச்சிய மட்டும் கட்டா வாங்குவாளுங்க. பின்னால தெரு ரித்தீஷ் அம்மா அதுக்கும் மேல. காலி பாட்டில் வேணும்னு புதுசா வாங்குன பாத்திரம் தேய்க்கிற லிக்விட பூரா குண்டான்ல ஊத்தி வெச்சிட்டா. போட்டோ வேற போடுறா. கேட்டா வேஸ்ட்டுல செய்யணுமாம். தூ.

கயல் சொல்லிட்டா. "ம்மா, நான் அப்பா வண்டி செய்யப் போறேன்."

அவரு கரும்பு டிராக்டர் ஓட்டறாரு. அரவை ஆரம்பிச்சதுலருந்து மில்லு யார்டுதான் அவருக்கு வூடு. வரிசையில லோடோட நின்னா எப்ப எறக்குவாங்கன்னு சாமிக்கும் தெரியாது. குளிக்க வருவாரு, சாப்புடுவாரு, கெளம்பிடுவாரு. கயல் மெயின் ரோடு வரைக்கும் ஓடிப்போய் டாட்டா காட்டிட்டு வருவா. நான் அடுப்பாண்ட.

மாசி 4, செவ்வாய்

லைனிங் துணி வாங்க கள்ளக்குறிச்சி. பஸ்ஸுல உக்கார எடமில்ல, கச்சிராயபாளையத்துலருந்து நின்னுக்கினே போனேன். கால் வலி.

பஸ் ஸ்டாண்டாண்ட ஃபேன்சி ஸ்டோர்ல ஒரே கூட்டம், எல்லாம் அம்மாங்க. ரெடிமேடா தெர்மாகோல் வூடு, தெர்மாகோல் கெணறு, தெர்மாகோல் மலை. கடைக்காரன் கேக்கறான் பாரு:

"கொழந்த எந்த கிளாஸுங்க?"

"மூணு."

"அப்ப இது சரியா இருக்கும். கொழந்த செஞ்ச மாதிரி தெரியணும்னா சொல்லுங்க, ஒரு பக்கம் கோணலா ஒட்டித் தரேன். அதுக்குத்தாங்க இப்ப கிராக்கி."

கோணலுக்குக் கிராக்கி! நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்தவ மொறைச்சா. பாத்தா ரித்தீஷ் அம்மா, கையில ஒரு கோணல் வூடு.

வூட்டுக்கு வந்து கயலுக்கு போன்ல வீடியோ போட்டுக் காட்டினேன். ஒருத்தி நெயில் பாலிஷ் வெரலோட, "ரொம்ப ஈஸி குட்டீஸ், வீட்ல இருக்கறத வெச்சே பண்ணலாம்"னு ஆரம்பிக்கிறா. எல்லாத்தையும் முன்னாடியே வெட்டி, கலர் அடிச்சி, காய வெச்சி எடுத்துக்கினு வந்து ஒட்டறா. பக்கத்துல ஒரு பாப்பா கை தட்டுது. கயல் பாதியில எழுந்துட்டா.

"ம்மா, அந்தப் பாப்பா ஒண்ணுமே செய்யல."

என் பொண்ணு. பெருமையாத்தான் இருந்துச்சு.

அவ எடுத்துக்கினது: சோப்பு டப்பா, இன்ஜினுக்கு. ஊறுகா பாட்டில் மூடி, பெரிய சக்கரம். என் காலி நூல்கட்டை, சின்ன சக்கரம். ஸ்வீட் டப்பா, டிரெய்லர். கரும்புக்கு என் புதுத் தொடப்பத்துல பாதி. பசை, மத்தியானம் மிஞ்சின சோறு.

மாசி 5, புதன்

கரண்ட் இல்ல. மெஷின் மோட்டர் ஓடல, கால்ல மிதிச்சே தைச்சேன்.

சோத்துப்பசைய எறும்பு தின்னுட்டு டிராக்டர் சக்கரம் ரெண்டும் தனியா கெடந்துச்சு. அழுவான்னு பாத்தேன். இல்ல. சோத்த இன்னும் நல்லா மசிச்சி, மஞ்சத்தூள் கலந்து ஒட்டறா. எறும்பு வராதாம். யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?

நடுவுல அவரு போன். கயல் புடுங்கிக்கினா.

"ப்பா, வெள்ளிக்கெழம ஸ்கூலுக்கு வா. நான் இன்னா செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். நீயா கண்டுபுடிக்கணும்."

"கண்டுபுடிச்சிட்டா?"

"புடிக்கணும். இல்லன்னா உன்னோட பேச மாட்டேன்."

"சரி கண்ணு. வரிசையில ஆள நிறுத்திட்டு வரேன்."

அப்பத்துலருந்து அவளுக்கு வேற நெனப்பே இல்ல. தின்னும்போதுகூட "அப்பா கண்டுபுடிச்சிடுவாருல்ல?"

அளவு பிளவுஸ் குடுக்க ரித்தீஷ் அம்மா வந்தா. டிராக்டர பாத்தா. கரும்பு ஒரு பக்கமா சாஞ்சிக்கினு, லைட்டு ஒண்ணுதான், பின்னால ஒரு கிழிஞ்ச செவப்புத் துணி.

"அய்யோ, இது இன்னாங்க, ஆக்சிடென்ட் ஆன வண்டியா?"

வாய்விட்டு சிரிக்கிறா. கோணல் வூடு வாங்கினவ! கடையில வாங்கிட்டு எம்பொண்ண பாத்து சிரிக்கிறா. கயல் தலைய குனிஞ்சிக்கினா. அந்த பிளவுஸ்ல கைய இறுக்கமா வெச்சி விட்டுடலாமான்னு நெனச்சேன்.

மாசி 6, வியாழன்

மலைப்பக்கம் மேகம். மழையெல்லாம் வராது, சும்மா பாவ்லா.

கயல் டியூஷன் போயிட்டா. டிராக்டர் மெஷின் மேல. அந்த சாஞ்ச லோடு கண்ண உறுத்திக்கினே இருந்துச்சு. ஒரு தையல் கோணினாலே பிரிச்சிப் போடறவ நானு. சும்மா கொஞ்சம் சரி பண்ணலாம்னுதான் ஒக்காந்தேன்.

குச்சியெல்லாம் உருவி ஒரே அளவா வெட்டி, ஜரிகை நூலால கட்டு கட்டா கட்டி நேரா அடுக்கினேன். ஒத்த லைட்ட எடுத்துட்டு வெள்ளி பட்டன் ரெண்டு. சோப்பு டப்பாக்கு நீல சாட்டின். கிழிஞ்ச துணிக்குப் பதிலா செவப்புல ஓரம் அடிச்ச கொடி. முடிச்சிட்டுப் பாத்தா சும்மா ஜம்முனு கல்யாண வண்டி மாதிரி. ரித்தீஷ் அம்மா மூஞ்சி எப்படிப் போவும்னு நெனச்சி நானே சிரிச்சிக்கினேன்.

கயல் வந்தா. பைய கூட எறக்கல.

"ம்மா, இன்னா பண்ண?"

"லேசா சரி பண்ணேன்டி. நல்லா இருக்குதுல்ல?"

"கரும்பு சாஞ்சிக்கினு இருந்துச்சே."

"அதான் நேராக்கினேன்."

பைய எறக்கி வெச்சிட்டு உள்ள போயிட்டா. அழல. சோறு பாதி வெச்சிட்டா. தூக்கம் போலன்னு விட்டுட்டேன்.

மாசி 7, வெள்ளி

நல்ல புடவை கட்டிக்கினு போனேன். ஹாலு பூரா அம்மாங்க செஞ்ச கைவினை. புள்ளைங்க பக்கத்துல நிக்குதுங்க, எது தன்னுதுன்னு அம்மாவ கேட்டுக்கினு. கரும்பு ஊராச்சே, டிராக்டரே நாலஞ்சி. கயல் கிளாஸ் மிஸ் எங்களுதாண்ட வந்து, "சூப்பர்ங்க, என்னா ஃபினிஷிங்!"ன்றாங்க. என்னப் பாத்து. புள்ளைய ஒரு பார்வை பாக்கல. எனக்கும் அது அப்ப உறுத்தல, இளிச்சிக்கினு நின்னேன்.

அவரு யார்டுலருந்து நேரா வந்தாரு. தலையில கரும்புச் சோகைத் தூசு. கயல் கைய புடிச்சிக்கினு மேசை மேசையா போறாரு, நான் பின்னாலயே. எங்க வண்டியாண்ட வந்தாரு, பேரு சீட்ட கயல் முன்னாடியே கவுத்து வெச்சிருந்தா. பாத்தாரு. "அட, பளபளன்னு யாருதோ"ன்னு சொல்லிட்டுத் தாண்டிட்டாரு. கயல் திரும்பி என்னைப் பாத்தா.

கடைசி மேசையில ஒரு பையனோட டிராக்டர். தீப்பெட்டியில செஞ்சது. பேரு சீட்டு ஃபேன் காத்துல கீழ கெடந்துச்சு, பையன் தண்ணி குடிக்கப் போயிருந்தான். லோடு ஒரு பக்கமா சாஞ்சிருக்குது. லைட்டு ஒண்ணு உதுந்து போயிருக்குது.

"இதான்! இதான் பாப்பா நம்ம வண்டி! பாரு, ஒரு லைட்டு இல்ல. போன வாரம் யார்டுல இடிச்சி ஒடஞ்சிது. எப்படி கவனிச்சிருக்குது பாரேன். லோடு சாயறதக்கூட விடல!"

லைட்டு ஒடஞ்சதே எனக்குத் தெரியாது. ரோடு வரைக்கும் ஓடினவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

சொல்லுவா, இது இல்லப்பா, அதான்னு காட்டுவான்னு நின்னேன். சிரிக்கிற அவரு மூஞ்சிய பாத்தா. அப்புறம்,

"ஆமாப்பா. கண்டுபுடிச்சிட்ட."

அந்தப் பையன் வண்டிக்குப் பக்கத்துல அவள நிக்க வெச்சி போட்டோ எடுத்தாரு. வரிசை நகருதுன்னு போன் வந்துச்சு, ஓடிட்டாரு.

அதுக்கப்புறம் பரிசு. முதல் பரிசு எங்களுதுக்கு. மைக்ல கயல் பேர கூப்புட்டாங்க. ரித்தீஷ் அம்மா மூஞ்சி நான் நெனச்சா மாதிரியே போச்சு. கயல் அசையல. நான்தான் போய் வாங்கினேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்த வீடியோக்காரியவிட மட்டமானவ நான். அவளாவது அவ செய்யறத கேமராக்கு முன்னால செய்யறா.

மாசி 8, சனி

வெயில். ஒரு வேலையும் ஓடல. வண்டி மெஷின் மேலயே இருக்குது. கயல் அந்தப் பக்கமே வரல. பேசறா, கேட்டதுக்கு பதில் சொல்றா. சண்டை போட்டாலாவது பரவால்ல.

மத்தியானம் அவரு போன். ஸ்பீக்கர்ல போட்டேன். பின்னால யார்டு சத்தம், டிரைவருங்க சிரிக்கிறாங்க. போட்டோவ எல்லாருக்கும் காட்டிட்டாராம். நம்ம வண்டியேதான்னு எல்லாரும் சொன்னாங்களாம்.

"நீ எதுனா கை வெச்சியா அதுல? உண்மைய சொல்லு."

"இல்லங்க. நான் தொடவே இல்ல."

கயல் வாசப்படியில நின்னு என்னையே பாத்துக்கினு இருந்தா.