யூஸ்டஸ் மூடாத ஜன்னல்

அன்புள்ள வேவனிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்குக் கையில் ஒரு கீறல்தான், பயப்படாதே.

சூறாவளிக்குப் பயந்து நாற்பது பேர் எங்கள் மலைப் பள்ளியில் ஒதுங்கினோம். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தால் கூரை தங்கும் என்பது இந்தத் தீவின் ஞானம். புயலின் கண் எங்கள் மேல் வந்ததும் காற்று ஓய்ந்தது. இனி எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும், அந்த ஜன்னலை மூடுங்கள் என்றேன். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியில் இருக்கும் மடையன் யூஸ்டஸ் இளித்தான்.

"உங்க கயானாவுல புயலே வராதே வாத்தியாரே! எங்களுக்கே பாடம் எடுக்கறீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூரை பறந்தது. யூஸ்டஸ் மேசைக்கடியில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். யாரும் சாகவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை.

இரண்டு சட்டை அனுப்பு. உன் படமும் ஒன்று. இருந்ததைக் காற்று கொண்டுபோய்விட்டது. மூன்று நாளாகப் பள்ளத்தாக்கில் தேடுகிறேன்.

தபால் படகு கிளம்புகிறது.

கார்ல்டன்