எப்போதும் கறுப்புக் காய்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, அம்மா. கடிதம் வந்ததாக அப்பாவிடம் வாய் தவறியும் சொல்லிவிடாதே. போன் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதனால்தான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாஷிங் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கோணல் எழுத்துக்குத் திட்டாதே.

செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் எனக்கும் குட்டிக்கும் ஆட்டம் விழுந்தது. அப்பா என்னைத் தனியாக அழைத்து, "டிரா பண்ணிடும்மா. அரைப் புள்ளி கிடைச்சாலே உன் தங்கச்சிக்கு முதலிடம், வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவாங்க. உனக்கு எப்படியும் ஒண்ணும் கிடைக்காது" என்றார். தலையாட்டினேன்.

நீ வேலைக்கு அங்கே போன பிறகு இங்கே நடப்பது உனக்குத் தெரியாது. வீட்டில் தினமும் அவளுக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை அவள் தள்ளுவாள். எதிராளிகள் எப்படியெல்லாம் ஆடுவார்களோ அப்படியெல்லாம் ஆடி நான் தோற்க வேண்டும். அவள் தூங்கினால் மின்விசிறி அவள் பக்கம் திரும்பிவிடும். என்னுடைய ஒரே பதக்கத்தை அவளுடைய நான்கும் மறைத்துத் தொங்குகின்றன. நீயும் போனில் முதலில், "குட்டி ஜெயிச்சாளா?" என்றுதானே கேட்கிறாய்?

அன்றும் அதே சிப்பாய்தான். வழக்கம்போலத் தடுத்து ஆடினேன். பாதியில், "போதும்க்கா, டிரா" என்று கையை நீட்டினாள். முதலிடத்தைப் பையில் போட்டுக்கொண்டாயிற்று என்பதுபோல ஒரு சிரிப்பு. நான் கை கொடுக்கவில்லை. குதிரையை நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அது அங்கே வந்தால் அவள் பதறிப்போய் வெட்டுவாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்டினாள். அதோடு ஆட்டம் என் கைக்கு வந்துவிட்டது.

முதலிடம் யாரோ ஒரு பெண்ணுக்குப் போனது. பேருந்தில் அப்பா, "இனிமே பலகையத் தொட்டே, அவ்வளவுதான்" என்றார். பிறகு என்னிடம் பேசவே இல்லை. குட்டி அழவும் இல்லை. அது பயமாக இருக்கிறது. எனக்கு இன்னும் சந்தோஷம் அடங்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

நீ சொன்னால் அப்பா கேட்பார். என்னையும் ஆட விடச் சொல், அம்மா. நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை முடிந்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, அவள்தான். பெட்டிக்குள் காய்கள் உருளும் சத்தம் கேட்கிறது. "அக்கா, தூங்கலையா? ஒரே ஒரு ஆட்டம். இந்தத் தடவ நீ வெள்ளை வச்சுக்கோ" என்கிறாள். அம்மா, எனக்கு