ரம்பத்தின் மறுமுனை

பேராவூரணி,
14.10.2024

அன்புள்ள குந்தவைக்கு,

நலமா? போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

என் சித்தி கண்ணாத்தாள் போன வாரம் இறந்தது உனக்குத் தெரியும். உங்கள் மேலத்தெரு வழியே போனால் சுடுகாடு பத்து நிமிடம். அங்கே எங்கள் பாடையை விடமாட்டோம் என்று மறித்தார்கள். நடவு முடிந்த வயலில் முழங்கால் சேற்றில் இறங்கினோம். அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சித்தி முகத்தில் தெறித்த சேற்றை நான்தான் துடைத்தேன்.

தெருவைத் திறந்துவிடக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். நவம்பர் ஆறாம் தேதி திருத்துறைப்பூண்டி தாசில்தார் ஆபீசில் பேச்சுவார்த்தை. ‘கீழத்தெருப் பிணம் மேலத்தெருவில் போகிற வழக்கமே கிடையாது’ என்று உன் அண்ணன் குணசேகரன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கஜா புயலுக்கு மறுநாள் என் பெரியப்பா துரைராசுவை அந்தத் தெரு வழியாகத்தானே தூக்கிப் போனோம்? நீயும் அங்கே இருந்தாய். வந்து அதை மட்டும் சொல்.

அன்புடன்,
பூவிழி


20.10.2024

அன்புத் தோழி பூவிழிக்கு,

அப்பா எழுந்து உட்காருகிறாரா? உன் சித்தி வாரம் தவறாமல் அங்கன்வாடிக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து போடுவார். இப்போது அந்தக் கிழமை வந்தால் வாசலையே பார்க்கிறேன்.

ஆனால் நீ கேட்டது என்னால் ஆகாது. இங்கே வாட்ஸ்அப்பைத் திறக்க முடியவில்லை. உன் தம்பி செழியன், பாடையை அடித்து நொறுக்கினார்கள் என்று வீடியோ போட்டிருக்கிறான். மறித்தது உண்மை, அடிக்கவில்லை. எங்கள் தெருக்காரர்களோ எல்லாம் வெளியூர்க்காரர்கள் தூண்டிவிட்டது என்கிறார்கள். என் அங்கன்வாடியில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் தூங்குகிறார்கள். நான் ஒரு பக்கம் நின்றால் அந்தப் பாய் என்ன ஆகும்? என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு அண்ணனைத் தவிர யார் இருக்கிறார்கள்?

தை பிறக்கட்டும், சூடு தணியும். என்னை விட்டுவிடு.

உன்,
குந்தவை


பேராவூரணி,
26.10.2024

குந்தவைக்கு,

அந்த வீடியோவை அழிக்கச் சொல்லி செழியனோடு சண்டை போட்டவள் நான். அழித்துவிட்டான். பொய் எங்கள் பக்கம் இருந்தாலும் பொய்தான்.

எனக்கும் இரைச்சல் பிடிக்காது. மாட்டாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தினம் ஒரு விவகாரத்தில் ‘டாக்டரம்மா யார் பக்கம்?’ என்று கேட்பார்கள். பாதிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்றே சொல்லிவிடுவேன். நீயும் அப்படித்தான். அதற்காக உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஆனால் இது தெரியாத விஷயம் இல்லையே. நீ கண்ணால் பார்த்தது. உன்னைக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை, கோஷம் போடச் சொல்லவில்லை. பார்த்தவள் வாயை மூடிக்கொண்டால் அதற்குப் பெயர் நடுநிலை இல்லை. அண்ணன் மனுவில் உன் கையெழுத்தும் சேர்ந்துவிடும்.

இனி இதைப் பற்றி எழுதமாட்டேன்.

பூவிழி


07.11.2024

அன்புள்ள பூவிழிக்கு,

நேற்று தாசில்தார் ஆபீசில் நான் உள்ளே வந்ததும் நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். எந்தப் பக்கம் உட்காருவேனோ என்று பயந்தாயா? எனக்கே தெரியாமல்தான் கதவோரம் நின்றேன். முடிந்ததும் அப்பாவைப் பார்க்க நீ பஸ் ஏறிவிட்டாய். பேச முடியவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. “நீ எங்கம்மா இங்க வந்தே? உனக்கு என்ன தெரியும்?” என்றாரே, அதுவரை திரும்பிப் போய்விடலாமா என்றுதான் இருந்தது. அந்தக் கேள்வியில் அந்த எண்ணம் போய்விட்டது. “அண்ணே, புயலுக்கு மறுநா தெருவுல சாஞ்சு கெடந்த வேப்பமரத்த அறுத்து பாடைக்கு வழிவிட்டது யாரு? ரம்பத்துல ஒரு முனைய நீங்க புடிச்சீங்க, மறுமுனைய நான் புடிச்சேன். அன்னிக்கி ‘சீக்கிரம் இழு குந்தவ, அவங்க மழையில நிக்கிறாங்க’ன்னு சொன்னது நீங்கதானே?” என்றேன். தாசில்தார் எழுதிக்கொண்டார்.

சித்தியின் பாடையை யாரும் அடித்து நொறுக்கவில்லை என்பதையும் அங்கேயே சொன்னேன். செழியன் முறைத்தான். முறைக்கட்டும். பார்த்ததில் பாதியைச் சொல்ல நான் வரவில்லை.

இன்று எங்கள் தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் அங்கன்வாடிக்கு வரவில்லை. அண்ணி வாசலில் நின்று, “இனிமே இந்தப் படி ஏறாதே” என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது அழுதேன். அடுத்த விசாரணைக்குக் கூப்பிட்டாலும் போவேன்.

உன்,
குந்தவை


பேராவூரணி,
08.01.2025

அன்புள்ள குந்தவைக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். வேலை அதிகம் என்று சொன்னால் பொய். நீ வந்து பேசியது பெரிய காரியம். ஆனால் நீ பார்த்ததைச் சொல்ல உன்னை நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அது இன்னும் உறுத்துகிறது. மனதில் வைத்துக்கொண்டு சிரிக்க எனக்கு வராது, அதனால் எழுதிவிட்டேன்.

உத்தரவு வந்துவிட்டது. மேலத்தெரு பஞ்சாயத்து ரோடுதான். யாரையும் மறிக்கக் கூடாது. அப்பா கம்பு ஊன்றி நடக்கிறார். உத்தரவை வாசித்துக் காட்டினேன். “அந்தப் புள்ள தனியா இருக்குமே, போய்ப் பாத்தியா?” என்றார்.

பதினோரு பேரில் நாலு பிள்ளைகள் திரும்ப வந்துவிட்டதாகச் செழியன் சொன்னான். மற்ற பிள்ளைகளும் வருவார்கள். வராவிட்டாலும் நீ சொன்னது சொன்னதுதான்.

சனிக்கிழமை வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வழியாக வரமாட்டேன். மேலத்தெருவில், பகல் பன்னிரண்டு மணிக்கு, உன் அண்ணன் வீட்டைத் தாண்டி நடந்து வருவேன். இத்தனை வருடப் பழக்கத்தில் உன் வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டி நான் உள்ளே வந்ததில்லை. நீயும் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இந்தத் தடவை நீ கூப்பிடக் காத்திருக்கப் போவதில்லை.

கூடத்தில் இரண்டு இலை போட்டு வை. வாசல் கதவு திறந்திருக்கட்டும்.

பூவிழி